அலிபிரி படிகளில் ஒரு நெடில்

குண்டாக இருக்கிற பெண்ணுக்கு எல்லாக் குடும்பங்களிலும் ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. பை பார்த்துக்கொள்வது. கோயிலோ கடற்கரையோ பொருட்காட்சியோ, மற்றவர்கள் எல்லாம் நடக்கப் போவார்கள். நமக்கு மட்டும் ஒரு மர நிழலையும் ஏழு பைகளையும் காட்டி, "நீ இங்கியே உக்காந்துகினு இரும்மா, உனக்கு எதுக்குக் கஷ்டம்" என்பார்கள். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இருக்காது. அதுதான் பெரிய எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தாலாவது நாமும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம்.

நான் அந்த உத்தியோகத்தைப் பதினோரு வருடம் பார்த்தவள். காணிப்பாக்கத்தில் பார்த்திருக்கிறேன் (பிள்ளையாரைவிட எங்கள் வீட்டுச் செருப்புகளைத்தான் அதிக நேரம் தரிசித்தேன்). சென்னைக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். அலை எப்படி இருந்தது என்று போனவர்கள் வந்து சொன்னார்கள். அந்த வேலையை நான் ராஜினாமா செய்த கதைதான் இது. ராஜினாமா கௌரவமாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். திருமலைக்கு ஏறுகிற படி வழியில் இருக்கும் ஒரு கழிப்பறைக்கு நாலு தடவை வருகை தந்துவிட்டுத்தான் நடந்தது.

என் பெயர் கிரிஜா. நகரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர், வீடு புத்தூரில். எங்கள் பக்கத்து ஆட்கள் வீட்டில் தமிழும், ஆபீஸில் தெலுங்கும், சண்டையில் இரண்டையும் கலந்தும் பேசுகிறவர்கள். வகுப்பில் நான் குறில் நெடிலுக்குப் பேர் போனவள். கல் வேறு, கால் வேறு. படு வேறு, பாடு வேறு. ஒரு பிள்ளை துணைக்கால் போட மறந்தால் அரை மார்க்கைப் பிடுங்கிவிடுவேன், அழுதாலும் திருப்பித் தர மாட்டேன். அந்தப் பிள்ளைகள் விட்ட சாபம்தான் பிற்பாடு பலித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா உண்டு, சுதா அண்ணி. சித்தூரில் வாழ்க்கைப்பட்டவர். நல்ல மனுஷி, ஆனால் எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வார். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இருபத்து மூன்று நாள் நானும் அண்ணியும் அந்த வராந்தாவிலேயே கிடந்தோம் (பைகள் என்னிடம்தான்). ஒரு நாள் காலையில் குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று நர்ஸ் ஓடினாள். அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்டி இருந்த அறைக் கதவைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்:

"பொழச்சி வாடி. உன் மொட்டைக்கு இந்த அத்த மலைக்கு நடந்தே வர்றேன்."

வராந்தா முழுக்கக் கேட்டது. மலைமேல் இருக்கிறவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தேஜு பிழைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றரை வயதில் மொட்டைக்கு நாள் குறித்தார்கள். அண்ணி வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டார். நடந்து வருகிறவர்கள்: சுதா, முரளி (முரளி என் வீட்டுக்காரர்). பஸ்ஸில் வருகிறவர்கள்: குழந்தை, குழந்தையின் அப்பா, எங்கள் மாமியார், கிரிஜா. என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'பைகள்' என்று வேறு எழுதியிருந்தது.

உடனே போன் போட்டேன். வேண்டுதல் என்னுடையது, நான் நடந்துதான் வருவேன் என்றேன். அண்ணி ரொம்ப அன்பாக, சாமிக்கு எல்லாம் தெரியும், உன் முட்டி இருக்கிற நிலைமைக்கு அவரே வேண்டாம் என்பார் என்றார். பைகளைக் கீழே கவுண்டரில் போட்டால் அவர்களே மேலே கொண்டுவந்து கொடுக்கிறார்களே என்றேன். தொலைந்துபோனால் என்ன செய்வது என்றார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார்.

"விடு கிரிஜா. உன் பேரச் சொல்லி நான் ஏறிட்றேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா? அப்ப இன்னிலேர்ந்து என் சோத்தையும் என் பேரச் சொல்லி நீங்களே துன்னுடுங்க."

சோறு விஷயத்தில் நான் விளையாட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

முட்டியைப் பற்றி அண்ணி சொன்னது பொய் இல்லை. அப்போது நான் தொண்ணூற்று நாலு கிலோ. கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போவதையே முன்கூட்டித் திட்டம் போட்டுத்தான் செய்துகொண்டிருந்தேன். மொட்டைக்கு மூன்று மாதம் இருந்தது. திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "லோப்பல வாப்பு உந்தம்மா" என்றார். உள்ளே வீக்கம் இருக்கிறதாம். வெளியே இருக்கிற வீக்கத்தைத்தான் ஊரே பார்க்கிறதே, உள்ளே வேறயா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடக்காது, உமி நெருப்பாக உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும், முட்டி வலியை அதுவும் சேர்ந்துதான் கூட்டுகிறது என்றார். தினமும் நடக்க வேண்டும், தொடைக்கு வலு ஏற்ற வேண்டும், தட்டைச் சின்னதாக்க வேண்டும். மலை ஏறலாமா என்றேன். சொன்னதை ஒழுங்காகச் செய்துவிட்டு வா, அப்புறம் சொல்கிறேன் என்றார்.

செய்தேன். இதை மட்டும் தலை நிமிர்ந்து சொல்வேன். பள்ளி மைதானத்தில் பிரேயருக்கு முன்னால் ஐந்து சுற்று, பத்து சுற்று என்று நடந்தேன். பிள்ளைகள் வேலியோரம் உட்கார்ந்து தமிழில் பாதியும் தெலுங்கில் பாதியுமாக எண்ணினார்கள். ஒரு சுற்றை விட்டுவிட்டு எண்ணினால் நின்று சண்டை போட்டேன். பி.டி. சார் சொல்லிக் கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன் (முதல் வாரத்தில் ஒரு நாற்காலி காலமானது). இரண்டு மாதத்தில் முட்டி வலி பாதியானது. நாலு கிலோ குறைந்தது. யாரும் கவனிக்காததால் நானே ஸ்டாஃப் ரூமில் அறிவித்தேன். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறு என்று சொல்லிவிட்டார்.

இத்தோடு விட்டிருந்தால் நான் கிரிஜா இல்லை.

போனில் ஒரு அம்மாளின் வீடியோ வந்தது. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. உடற்பயிற்சி ஒரு கை, மூலிகை ஒரு கை, ரெண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை வரும். நடந்தால் மட்டும் உள்வீக்கம் வடியாது, கூடவே ஆவாரம்பூப் பொடியும் போட வேண்டும் என்று அந்த அம்மாள் அடித்துச் சொன்னார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். டாக்டரம்மாவைக் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்பார் என்று தெரிந்தவரை எதற்குக் கேட்பது? (அன்றைக்கு என் மூளை இருந்த லட்சணம் இது.)

இதில் இன்னொரு கூத்து, புத்தூர் ரோடு ஓரமெல்லாம் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. பறித்து மொட்டை மாடியில் காயவைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் பாக்கெட்டில் வந்தால்தான் மருந்து என்று ஒரு படித்த புத்தி இருக்கிறதே, அது விடவில்லை. மொட்டைக்கு முந்தின நாள் மத்தியானமே எல்லாரும் திருப்பதியில் லாட்ஜுக்கு வந்துவிட்டோம். நானும் வீட்டுக்காரரும் ஆட்டோ பிடித்து ஒரு நாட்டுமருந்துக் கடைக்குப் போனோம். இறங்கும்போதே அவர், தமிழிலேயே கேள், அவர்களுக்கு எல்லாம் புரியும் என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. பிறந்தது இந்த மாநிலம், சம்பளம் வாங்குவது இந்த மாநிலம், ஒரு பொடி வாங்க எனக்குத் தெலுங்கு வராதா?

ஆவாரைக்குத் தெலுங்கில் தங்கேடு. மாதத்துக்கு 'நெல'. கொடுங்கள் என்பதற்கு 'இவ்வண்டி'. எனக்கு வேண்டியது ஒரு மாதத்துக்கான ஆவாரைப் பொடி. முறையாகச் சொன்னால் நீண்ட வாக்கியம், நான் சுருக்கினேன். அதோடு எனக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தெலுங்கில் எதையும் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் அசல் ஊர்க்காரி பேச்சாகிவிடும் என்பது. இழுத்தேன்.

"நேல தங்கேடு பொடி இவ்வண்டி."

கடைக்காரர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "ஆக்கா, பொடா?" என்று கேட்டார்.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. எந்தக் கடைக்குப் போனாலும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மனுஷர் வாய் நிறைய அக்கா என்றதும் மனசு குளிர்ந்துவிட்டது. (கூடவே 'போடா' என்றும் காதில் விழுந்தது. பொடியா என்று கேட்கிறார் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குத் தெலுங்கு உண்டு.) பிற்பாடு யோசித்துப் பார்த்தால் அவர் அக்கா என்று சொல்லவே இல்லை. ஆக்கு என்றால் தெலுங்கில் இலை. இலை வேண்டுமா, பொடி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆவாரையில் பூவைத்தானே விற்பார்கள், இவர் ஏன் இலை என்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அக்காவான சந்தோஷத்தில் தோன்றவில்லை.

"பொடி" என்றேன். அவர் பாக்கெட் கட்டி, மேலே தெலுங்கில் எழுதி, "ஜாக்ரத்தம்மா, கொஞ்செமே வேஸ்கோண்டி" என்று கொடுத்தார். ஜாக்கிரதை, கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் அக்கா அம்மாவாகிவிட்டேன் என்பது ஒரு கோபம். என் உடம்பைப் பார்த்துத்தானே 'கொஞ்சம்' என்கிறார் என்பது பெரிய கோபம். பதினோரு வருடமாக ஊரில் எல்லாரும் எனக்கு இதையேதான் சொல்கிறார்கள். கொஞ்சம் சாப்பிடு, கொஞ்சம் உட்காரு, கொஞ்சம் நகரு.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பொடியில் இரண்டு ஸ்பூன் எடுத்தேன், குவித்து. விடியற்காலை கிளம்பும்போது வழிச்செலவுக்கு என்று இன்னும் ஒன்று. வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு மோசமாக இருந்தால் அவ்வளவு நல்ல மருந்து என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். மீதிப் பாக்கெட்டை மத்தியானத்துக்கு வேண்டுமே என்று தோள்பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தரைக்கு மலையடிவாரத்தில், அலிபிரியில் தேங்காய் உடைத்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். நான், அண்ணி, என் வீட்டுக்காரர். என் பிடிவாதத்தைப் பார்த்து அண்ணி பைகளைக் கவுண்டரில் போட ஒப்புக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேலே மொட்டை, பன்னிரண்டு மணிக்குத் தரிசன டிக்கெட். மொத்தம் மூவாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் படி. பத்துப் படி ஏறி ஒரு மூச்சு, ஐம்பது படி ஏறி ஒரு உட்கார்வு என்று டாக்டரம்மா சொன்ன கணக்கில் போனேன். முட்டி முனகியதே தவிர மறுக்கவில்லை. முன்னால் போன அண்ணி ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் இருந்தேன். அந்த முகத்தில் தெரிந்த ஆச்சரியத்துக்காகவே இன்னும் ஆயிரம் படி ஏறலாம் போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வியர்த்ததில்லை.

பாதி வழிக்கு மேல் வருகிற காலிகோபுரம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வயிற்றுக்குள் யாரோ மேஜையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

முதலில் நான் பயப்படவே இல்லை. மருந்து வேலை செய்கிறது, உள்வீக்கம் வடியப் போகிறது என்றுதான் நினைத்தேன். (வடிந்தது. அந்த வீடியோ அம்மாளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது.) இரண்டாவது மேஜையை இழுத்தபோது எனக்கு வேர்வையின் ருசியே மாறிவிட்டது. கோபுரத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மீதிப் படிகளை நான் ஏறிய வேகத்தைப் பார்த்துத் தொண்ணூறு கிலோவுக்கு இப்படியும் கால் வருமா என்று என் வீட்டுக்காரரே வாயைப் பிளந்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை விவரமாக எழுதினால் எந்த எடிட்டரும் போட மாட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே வந்து நூறு அடி போவேன், திரும்பி ஓடுவேன். காட்டுப் பக்கம் ஒதுங்கலாம் என்றால் அந்த வழியில் சிறுத்தை நடமாட்டம். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று போர்டு வைத்து, ஆளும் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் சிறுத்தை, ஒரு பக்கம் சாமி, நடுவில் நான். வழியில் போகிறவர்கள் எல்லாம் கோவிந்தா, கோவிந்தா என்று கோஷம் போட்டுக்கொண்டே போனார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இருக்கிற இன்னொரு பொருளும் எனக்கு அன்றைக்கு நன்றாக விளங்கியது. கழிப்பறை வரிசையில் நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் விலகி வழிவிட்டார்கள். அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நாலாவது தடவை நான் வெளியே வந்தபோது மணி எட்டரை தாண்டியிருந்தது. அண்ணி என்னைப் பிடித்து ஒரு திண்டில் உட்காரவைத்தார்.

"கீழ எறங்கிடு கிரிஜா. யாரும் உன்னை இன்னாவும் சொல்ல மாட்டோம்."

"அதான் அண்ணி எனக்குப் பிரச்சினை. நீங்க யாரும் இன்னாவும் சொல்ல மாட்டீங்க. அடுத்த தடவ பேசாம பையக் கொண்டாந்து பக்கத்துல வெப்பீங்க."

குழந்தை மேலே காத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் போங்கள், நேரமானால் மொட்டையை முடித்துவிடுங்கள், நான் எப்படியும் நடந்து வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். தைரியமாகத்தான் சொன்னேன். அவர் முதுகு மறைந்ததும் அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னைக் கைத்தாங்கலாக வழியில் இருந்த முதலுதவி அறைக்குக் கூட்டிப் போனார். சின்ன வயது நர்ஸ். ரத்த அழுத்தம் பார்த்தாள், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தாள், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று தெலுங்கில் விசாரித்தாள். இட்லி என்றேன். வேறு? கொஞ்சம் தங்கேடு பொடி என்று பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"இதி நேல தங்கேடு கதம்மா" என்றாள். இது நேல தங்கேடு அல்லவா, பேதிக்கு வாங்குவதாயிற்றே, எத்தனை ஸ்பூன் போட்டீர்கள் என்று கேட்டாள். மூன்று என்று நான் சொன்னதும் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். நெல என்றால் மாதம். நேல என்றால் தரை. தங்கேடு நம் ஆவாரை. நேல தங்கேடு வேறொரு செடி, தமிழில் நிலாவரை. மலச்சிக்கல் முற்றிப்போனவர்கள் பயந்து பயந்து ஒரு சிட்டிகை போட்டுக்கொள்கிற சாமான். ஒரு மாதத்துக்கு ஆவாரை கேட்பதாக நினைத்துக்கொண்டு, குறிலை நெடிலாக இழுத்து, கடைக்காரரிடம் நான் பேதி மருந்தைப் பெயர் சொல்லி, மரியாதையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பாவம், கேட்டதைக் கொடுத்து எச்சரிக்கையும் செய்தார். பாக்கெட்டில் எழுத்தும் தெளிவாகத்தான் இருந்தது, நெடில் குறியோடு. தெலுங்கு நன்றாகவே படிக்கத் தெரிந்த நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் பாக்கெட்டை வாங்கிப் படித்தார். நல்ல மனுஷர், கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை.

"டீச்சர், அர மார்க்கு போச்சு" என்றார்.

உட்காரவே தெம்பில்லாமல் இருந்தவளுக்கு அவரை அடிக்கத் தெம்பு வந்தது. அதைப் பார்த்து நர்ஸுக்கே கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

கீழே போகிற வண்டிக்குச் சொல்லிவிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். சட்டம் பேசினாள். நானும் பேசினேன். தெலுங்கில்தான், இந்தத் தடவை எதையும் இழுக்காமல். ஒன்பது வருடம், ஏழாம் மாதம், கண்ணாடிப் பெட்டி, நான் கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாக்கெட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ஒரு ஒப்பந்தம் செய்தாள். ஒன்றரை மணி நேரம் படுக்க வேண்டும், கொடுக்கிற தண்ணீரை எல்லாம் குடிக்க வேண்டும், அதற்குள் இன்னொரு தடவை ஓடினாலோ தலை சுற்றினாலோ வண்டிதான். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் என் வயிற்றோடு நடத்திய பேச்சுவார்த்தையை எந்த அரசாங்கமும் நடத்தியிருக்காது. வயிறு கடைசியில் இறங்கி வந்தது. அவளும் மறுபடி அழுத்தம் பார்த்து, இன்னும் இரண்டு பாட்டில் உப்புத் தண்ணீரைக் கையில் கொடுத்து, மனசில்லாமல் விட்டாள்.

பத்து மணி அங்கேயே தாண்டிவிட்டது. மொட்டை முடிந்திருக்கும் என்று தெரிந்தும் நடந்தேன். வாக்கு குழந்தையிடம் கொடுத்தது, கடிகாரத்திடம் இல்லை. கடைசியில் ஒரு செங்குத்து வருகிறது, 'மோகாள்ள மிட்ட' என்பார்கள், முழங்கால் மேடு. வேண்டுதல் உள்ளவர்கள் அதை முட்டி போட்டே ஏறுவார்கள். என் முட்டியின் யோக்கியதைக்கு நான் காலால் ஏறுவதே போதும் என்று சாமியிடம் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். என் வீட்டுக்காரர் பின்னால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் பேரைச் சொல்லி அவர் ஒரு படிகூட ஏறவில்லை, தன் பேருக்குத்தான் ஏறினார். எங்கள் போன் இரண்டும் வழியிலேயே அணைந்துவிட்டன.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மொட்டையடிக்கிற கல்யாணகட்டாவுக்கு வெளியே அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் தேஜு. தலை நிறையச் சுருட்டை முடி, அப்படியே இருந்தது. பக்கத்தில் மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி தரிசனம் போச்சு, பிடிவாதக்காரி, காலையிலிருந்து யார் சொல்லியும் கேட்கவில்லை என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணியைச் சொல்லியிருக்கிறார்.

அண்ணி எழுந்து வந்தார்.

"நடந்தா வந்த?"

"நடந்துதான்."

"முழுக்கவா?"

"நடுவுல படுத்தேன், நடுவுல ஓடினேன். ஆனா வண்டியில ஏறல அண்ணி."

என் தோளில் கிடந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "இவ முடி மேல கத்தி வெக்க இவ அத்த வரணும்னு சொல்லிட்டேன்" என்றார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். தேஜு ஊரைக் கூட்டினாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். தர்மதரிசன வரிசையில் நின்று சாமியைப் பார்த்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மாமியார் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார், பிறகு அரைமணி நேரம் திட்டினார். நிஜ ஆவாரையாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் வாயில் போடக் கூடாது என்றார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் உள்வீக்கம் குறைந்திருந்தது. பொடியாலா என்று கேட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, அந்த மைதானத்தைப் போய்க் கேள் என்றார். இன்றைக்கும் நான் குண்டுதான். எண்பத்தைந்துக்குக் கீழே தராசு இறங்க மாட்டேன் என்கிறது, நானும் அதைக் கெஞ்சவில்லை. தினம் நடக்கிறேன், வருடம் ஒரு தடவை மலை ஏறுகிறேன். யாராவது உனக்கு எதுக்கும்மா கஷ்டம் என்று ஆரம்பித்தால் வீட்டில் இருக்கிறவர்களே அவர்களை ஓரமாக அழைத்துப் போய்விடுகிறார்கள்.

ஆனால் குடும்பம் சும்மா விடுமா? எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் பேதி வருவதில்லை, 'நெடில்'தான் வருகிறது. சின்னதுகளுக்கு வயிறு சரியில்லை என்றால் குறிலா, நெடிலா என்றுதான் கேட்பார்கள். தேஜுவுக்கு இப்போது ஆறு வயது. பள்ளியில் டீச்சர் நெடிலுக்கு ஒரு உதாரணம் கேட்டதற்கு எழுந்து நின்று, மாம்பழம் அதிகம் தின்றால் வரும் என்று சொல்லிவிட்டு வந்தாள். சித்தூரிலிருந்து அண்ணி எனக்கு போன் போட்டு, சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது.

சொல்லட்டும், சிரிக்கட்டும். எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. கதையைச் சொல்கிற எல்லாரும் நர்ஸ் பாக்கெட்டைப் படிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். சிரிப்பு அங்கேதான் வருகிறது. போன மாதம் நகரியில் ஒரு கல்யாணத்தில் என் வீட்டுக்காரரே பந்தியில் உட்கார்ந்து, அரை மார்க்கு போச்சு என்பதுவரை சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்தார். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து தேஜு கையில் அப்பளத்தோடு எழுந்து நின்றாள்.

"இன்னும் முடியல மாமா. அப்புறமும் அத்த நடந்துதான் மேல வந்தாங்க. அவங்க வர்ற வரைக்கும் என் முடிய யாரும் தொடல."